‘தப்பு என்னுடையதுதான்’ என்று அதிகாரத்தில் இருப்பவர் சொன்னால் நம்பலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தவறை ஒப்புக்கொண்ட தலைவரை நம்பலாமா, கூடாதா? சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

ஒப்புக்கொண்டார் என்பதற்காக மட்டும் நம்ப வேண்டியதில்லை. எப்போது ஒப்புக்கொண்டார், அப்போது அவர் கையில் என்ன இருந்தது என்று பார்க்க வேண்டும். சேதத்தை நிறுத்தும் அதிகாரம் கையில் இருக்கும்போதே ஒருவர் வாய் திறந்தால் அந்தச் சொல்லுக்கு எடை உண்டு. நாற்காலியை விட்டு இறங்கி, பென்ஷனும் வாங்கி, பேரன் பேத்தி எடுத்த பிறகு சொன்னால் அது வரலாறு எழுதுபவர்களுக்கு உதவும். நம்பிக்கை என்பது வேறு கணக்கு.

மன்னிப்பதும் நம்புவதும் ஒன்றுதானே?

இல்லை. எங்கள் தாத்தா மளிகைக் கடை வைத்திருந்தார். அவருடைய தம்பி மகன், எங்களுக்குச் சித்தப்பா முறை, கல்லாவில் உட்காருவார். ஒரு வருடம் கணக்கு உதைத்தது. தாத்தா ஒன்றும் கேட்பதற்கு முன்பே அவரே வந்து, “பெரியப்பா, நான்தான் எடுத்தேன்” என்று சொல்லிவிட்டார். தாத்தா திட்டவில்லை, வீட்டை விட்டு அனுப்பவும் இல்லை. அன்று இரவு பக்கத்தில் உட்காரவைத்துச் சாப்பிட வைத்தார். ஆனால் மறுநாள் காலை கல்லாப்பெட்டிச் சாவி தாத்தா இடுப்பில்தான் இருந்தது. சித்தப்பா பருப்பு மூட்டை பிரிக்கும் வேலைக்குப் போனார்.

சாப்பாடு போட்டது மன்னிப்பு. சாவி கொடுப்பதுதான் நம்பிக்கை. அரசியலில் நாம் இரண்டையும் குழப்பிக்கொள்கிறோம். ஒருவர் கண் கலங்கினால் உடனே சாவியை நீட்டிவிடுகிறோம், அல்லது சாவியைத் தர மனமில்லாததால் சோறும் போட மாட்டேன் என்கிறோம்.

‘காலம் கடந்த ஒப்புதல்’ என்றால் என்ன? ஓர் உதாரணம்?

ராபர்ட் மெக்னமாரா. இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரிந்து இல்லை. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஃபோர்டு கார் நிறுவனத்தின் தலைவராகச் சில வாரங்களே இருந்தவரை 1961-ல் அமெரிக்க அதிபர் கென்னடி தன் பாதுகாப்பு அமைச்சராகக் கூட்டிவந்தார். எல்லாவற்றையும் எண்ணாக்கிப் பார்க்கும் மனிதர். வியட்நாம் போரையும் அப்படித்தான் நடத்தினார். எத்தனை குண்டு, எத்தனை பிணம், எத்தனை சதவீதம் என்று ஒரே கணக்கு. 1964 ஆகஸ்ட் 2 அன்று வட வியட்நாமை ஒட்டிய டோன்கின் வளைகுடாவில் அமெரிக்கப் போர்க்கப்பலை வட வியட்நாம் படகுகள் தாக்கின. அது நடந்தது. ஆகஸ்ட் 4 அன்று இரண்டாவது தாக்குதல் நடந்ததாகச் சொல்லப்பட்டது. அது நடக்கவில்லை. கப்பலில் இருந்த தளபதியே அன்றைக்கே சந்தேகம் தெரிவித்துத் தந்தி அடித்திருந்தார். மோசமான வானிலை, நீருக்கடியில் வரும் ஒலியைப் பிடிக்கும் சோனார் கருவியைக் கேட்டுக்கொண்டிருந்தவரின் பதற்றம் காரணமாக இருக்கலாம் என்று. மெக்னமாராவோ நாடாளுமன்றத்தின் முன்னால் தாக்குதல் உறுதி என்றார். மூன்றாம் நாள் போருக்கு அனுமதி தரும் தீர்மானம் கீழவையில் 416-0 என்றும் மேலவையில் 88-2 என்றும் நிறைவேறியது.

1967-க்குள் அவருக்கே நம்பிக்கை போய்விட்டது. அந்த ஆண்டு நவம்பர் 1 அன்று அதிபர் ஜான்சனுக்கு ஒரு ரகசியக் குறிப்பு எழுதினார். படையைக் கூட்டாதீர்கள், குண்டுவீச்சை நிறுத்துங்கள் என்பது அதன் சாரம். ஜான்சன் அதை ஏற்கவில்லை. மெக்னமாரா 1968 பிப்ரவரியில் பதவியை விட்டு உலக வங்கித் தலைவராகப் போனார். 1981 வரை அங்கே இருந்தார். அந்தக் காலம் முழுவதும் வியட்நாம் பற்றி வாயே திறக்கவில்லை. போரில் இறந்த அமெரிக்கர்கள் 58,000-க்கும் மேல். அதில் பாதிக்கு மேற்பட்டவர்கள் அவர் போன பிறகு இறந்தவர்கள். வியட்நாமியர்களின் சாவு லட்சங்களில்.

1995-ல் நினைவு நூல் ஒன்றை வெளியிட்டு, நாங்கள் செய்தது தவறு, படுமோசமான தவறு என்று எழுதினார். அதே ஆண்டு நவம்பரில் ஹனோய் போய், எதிரணித் தளபதியாக இருந்த ஜெனரல் கியாப்பைச் சந்தித்து, ஆகஸ்ட் 4 அன்று உண்மையில் என்னதான் நடந்தது என்று கேட்டார். ஒன்றும் நடக்கவில்லை என்றார் கியாப்.

கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்போமே, இது அதைவிட மோசம். கண் கெட்டது அவருக்கல்ல, மற்றவர்களுக்கு. 1967-ல் அவர் மனதில் இருந்ததை 1968-ல் வெளியே சொல்லியிருந்தால், போர் நின்றிருக்குமோ இல்லையோ, அவர் சொல்லுக்கு எதையாவது மாற்றும் பலம் இருந்தது. 27 வருடம் கழித்து அந்தப் பலம் போய்விட்டது, சொல் மட்டும் மிஞ்சியது.

ஆனால் அவராவது ஒப்புக்கொண்டாரே! வாயே திறக்காதவர்கள் எத்தனை பேர்?

நியாயமான கேள்விதான். அந்தப் போரை நடத்திய மற்றவர்களோடு ஒப்பிட்டால் மெக்னமாரா எவ்வளவோ மேல். அவர் எழுதியதால்தான், உள்ளே இருந்தவர்களுக்கே போரில் நம்பிக்கை இல்லை என்பதை அவர்கள் வாயாலேயே கேட்க முடிந்தது. சாட்சி என்ற அளவில் அதற்குப் பெரிய மதிப்பு உண்டு. ஆனால் நல்ல சாட்சி சொன்னவர் என்பதால் அவரிடம் இன்னொரு போரை ஒப்படைப்போமா? 2009-ல் 93 வயதில் இறக்கும்வரை அவரை விடாமல் துரத்தியது இந்த வேறுபாடுதான் என்று நினைக்கிறேன்.

பதவியில் இருக்கும்போதே ஒப்புக்கொண்டவர்கள் இருக்கிறார்களா?

மெக்னமாராவை அழைத்து வந்த கென்னடியே இருக்கிறார். 1961 ஏப்ரல் 17 அன்று, கியூபாவில் காஸ்ட்ரோ ஆட்சியைக் கவிழ்க்க, அமெரிக்க உளவு நிறுவனமான சிஐஏ பயிற்சி கொடுத்த சுமார் 1,400 கியூப அகதிகள் அங்குள்ள பன்றிகள் விரிகுடாவில் இறங்கினார்கள். மூன்றே நாளில் எல்லாம் முடிந்தது. நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், ஏறக்குறைய 1,200 பேர் காஸ்ட்ரோவிடம் பிடிபட்டார்கள். ஏப்ரல் 21 அன்று பத்திரிகையாளர்களிடம் கென்னடி, இந்த அரசின் பொறுப்பான அதிகாரி நான்தான் என்று சொல்லிவிட்டார். அவர் பதவிக்கு வந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. திட்டமோ முந்தைய ஆட்சியில் தொடங்கியது. பழியை அந்தப் பக்கம் தள்ள எல்லா வசதியும் இருந்தது.

ஆனால் முழுப் படத்தையும் பார்க்க வேண்டும். அதற்கு ஆறு நாள் முன்பு ஐ.நா. சபையில் அமெரிக்கத் தூதர் அட்லாய் ஸ்டீவன்சன் ஒரு விமானப் படத்தைக் காட்டி, கியூபாவில் குண்டு போட்டது அந்நாட்டின் சொந்த விமானிகள்தான், போட்டுவிட்டு ஓடிவந்துவிட்டார்கள் என்று சாதித்துக்கொண்டிருந்தார். அது பொய் என்பது பாவம் அவருக்கே தெரியாது. சொந்த அரசே அவரை ஏமாற்றியிருந்தது. ஒப்புதலுக்கு முன்னால் இப்படி ஒரு புளுகு இருந்தது என்பதை மறக்கக் கூடாது.

நம்பிக்கைக் கணக்கில் கென்னடிக்கு நான் வரவு வைப்பது ஏப்ரல் 21-க்காக அல்ல, 1962 அக்டோபருக்காக. சோவியத் ஏவுகணைகள் கியூபாவில் இருப்பது தெரிந்ததும் ராணுவத் தளபதிகள் உடனே குண்டு போடச் சொன்னார்கள். முந்தைய ஆண்டு நிபுணர்கள் சொன்னதற்கெல்லாம் தலையாட்டிய அதே மனிதர், இந்த முறை ஒவ்வொருவரையும் குறுக்குக் கேள்வி கேட்டார். தன் முன்னால் பேசத் தயங்குவார்கள் என்று சில கூட்டங்களிலிருந்து தானே விலகியும் இருந்தார். பதின்மூன்று நாள் இழுத்து, போர் இல்லாமல் முடிந்தது. பாடம் படித்ததற்கு அடையாளம் இதுதான். அதே சமயம், காஸ்ட்ரோவைக் கவிழ்க்கும் ரகசிய வேலைகளை அவர் அரசு 1961 முடிவதற்குள் மறுபடி தொடங்கிவிட்டது. ஆக, எப்படி முடிவெடுப்பது என்பதில் திருந்தினார், எதற்கு ஆசைப்படுவது என்பதில் திருந்தவில்லை.

தவறை ஒப்புக்கொண்டால் செல்வாக்கு கூடுமாமே? அப்படியென்றால் இது ஒரு தந்திரம்தானே?

கூடத்தான் செய்கிறது. அந்தப் படுதோல்விக்குப் பிறகு எடுத்த காலப் (Gallup) நிறுவனக் கருத்துக்கணிப்பில் கென்னடிக்கு 83 சதவீத ஆதரவு. உளவியலாளர் எலியட் ஆரன்சன் 1966-ல் செய்த சோதனை ஒன்று பிரபலம். வினாடி வினாவில் வெளுத்து வாங்கிய ஒருவர் காபியைத் தன்மேல் கொட்டிக்கொண்டால் கேட்டவர்களுக்கு அவரை இன்னும் பிடித்துப்போனது. சுமாராகப் பதில் சொன்னவர் அதே காபியைக் கொட்டிக்கொண்டால் அவர் மதிப்பு குறைந்தது. அதாவது ஏற்கெனவே பெரியவராகத் தெரிபவருக்குச் சறுக்கல்கூட ஒரு நகை. தெருக்கோடியில் இருப்பவர் சறுக்கினால் ‘இவன் இப்படித்தான்’.

அதனால், ஒருவர் ஒப்புக்கொண்டதும் நமக்குள் பொங்கும் பாசத்தை அப்படியே நம்பிவிடக் கூடாது. அது அவருடைய நேர்மையால் வந்ததா, நாற்காலியின் உயரத்தால் வந்ததா என்று ஒரு நாள் தள்ளிப்போட்டு யோசிக்கலாம்.

உண்மையான ஒப்புதலைப் பேச்சை வைத்தே கண்டுபிடிக்க முடியுமா?

தமிழ் தெரிந்தவர்களுக்கு இது கொஞ்சம் சுலபம். வீட்டில் குழந்தை கண்ணாடி டம்ளரைப் போட்டுவிட்டால் என்ன சொல்லும்? “உடைஞ்சிடுச்சு”. “உடைச்சிட்டேன்” என்று எந்தக் குழந்தையாவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? வினைச்சொல்லை ஓர் எழுத்து தட்டினால் ஆள் காணாமல் போய்விடுவார். ‘தவறு நடந்துவிட்டது’, ‘குளறுபடி ஏற்பட்டுள்ளது’, ‘உயிரிழப்பு நேர்ந்தது’. அறிக்கை எழுதுபவர்களுக்கு இந்த இலக்கணம் அத்துப்படி.

அப்புறம் ‘என் பேச்சால் யாருடைய மனமாவது புண்பட்டிருந்தால் வருந்துகிறேன்’ என்பது. இதில் ‘இருந்தால்’ என்ற ஒரு சொல் பேசியவரைக் காப்பாற்றிவிட்டு, புண்பட்டவரைத் தொட்டாற்சுருங்கி ஆக்கிவிடுகிறது.

அமெரிக்க அதிபர் ரீகன் 1987-ல் இரண்டு விதமாகவும் பேசியிருக்கிறார். ஈரானுக்கு ரகசியமாக ஆயுதம் விற்ற விவகாரத்தில், ஜனவரி உரையில் ‘பெரிய தவறுகள் நடந்தன’ என்ற மாதிரி ஆளில்லாத வாக்கியம். மார்ச் 4 அன்று தொலைக்காட்சியில், பிணைக்கைதிகளுக்குப் பதிலாக ஆயுதம் கொடுக்கவில்லை என்று நான் சொன்னேன், அது உண்மை என்றுதான் என் மனம் இன்னும் சொல்கிறது, ஆனால் ஆதாரங்கள் அப்படிச் சொல்லவில்லை என்றார். இரண்டாவதில் ‘நான்’ வந்துவிட்டது, ஆனால் கூடவே ‘மனம்’ என்ற பின்வாசலும் வந்துவிட்டது. பேச்சு ஒரு தடயம், அவ்வளவுதான். தீர்ப்பை அதை வைத்தே எழுத முடியாது.

காந்தியின் ‘இமாலயத் தவறு’ எந்த வகை?

நம் பத்திரிகைகளில் அடிபடும் அந்தச் சொல்லுக்கே மூலம் அவர்தான். இப்போது அதை எதிர்க்கட்சியின் தவறுக்குத்தான் பயன்படுத்துகிறார்கள். காந்தி சொன்னது தன் தவறைப் பற்றி.

ரௌலட் சட்டத்தை எதிர்த்து 1919 ஏப்ரல் 6 அன்று நாடு முழுக்க கடையடைப்புக்கு அழைத்தார். சில நாளில் அகமதாபாத், வீரம்காம் ஆகிய ஊர்களில் கொலையும் தீவைப்பும் நடந்தன. நடியாத் பக்கத்தில் தண்டவாளத்தைப் பெயர்த்தார்கள். அதே நடியாத்தில் நடந்த பொதுக்கூட்டத்திலேயே, சட்டத்தை மதிக்கப் பழகாதவர்களைச் சட்ட மறுப்புக்கு அழைத்தது இமயமலை அளவு தப்புக் கணக்கு என்று சொன்னார். கிண்டல் செய்தார்கள். ஏப்ரல் 18 அன்று இயக்கத்தை நிறுத்தினார்.

நான் இதை நம்புவதற்குக் காரணம் அடுத்து நடந்தது. 1922 பிப்ரவரி 4 அன்று சௌரி சௌராவில் கூட்டம் காவல் நிலையத்துக்குத் தீ வைத்து, 20-க்கும் மேற்பட்ட காவலர்கள் இறந்தார்கள். ஒத்துழையாமை இயக்கம் உச்சத்தில் இருந்த நேரம். ஒரே வாரத்தில் மொத்தத்தையும் நிறுத்தினார், ஐந்து நாள் உண்ணாவிரதம் இருந்தார். சிறையில் இருந்த நேருவே கொதித்துப் போனார். மார்ச்சில் அகமதாபாத் நீதிமன்றத்தில் பொறுப்பை ஏற்று, அதிகபட்ச தண்டனை கொடுங்கள் என்று கேட்டு ஆறு வருடம் வாங்கிக்கொண்டார். 1919-ல் சொன்னதற்கு மூன்று வருடம் கழித்து அவரே விலை கொடுத்தார்.

இருந்தாலும் ஒரு நெருடல். காந்தி 1924-ல் உடல்நிலை காரணமாக விடுதலையானார். சௌரி சௌரா வழக்கில் முதலில் 172 பேருக்குத் தூக்கு விதித்து, உயர்நீதிமன்றம் குறைத்த பிறகும் 19 பேர் தூக்கில் தொங்கினார்கள். தலைவருடைய ஒப்புதலுக்கு மரியாதை கிடைத்தது. அந்தக் கிராமத்து ஆட்களுக்கு அப்படி ஒப்புக்கொள்ள ஒரு மேடைகூட இல்லை.

பதவியில் இருக்கும்போதே ஒப்புக்கொண்டும் நம்பிக்கை வராமல் போனது உண்டா?

இலங்கை, 2022. அதிபராக இருந்த கோட்டாபய ராஜபக்ச 2021-ல் ரசாயன உர இறக்குமதிக்கு ஒரே அடியாகத் தடை போட்டார். தேர்தல் வாக்குறுதியில் பத்து வருடத்தில் மெல்ல மாறுவது என்று இருந்ததை ஒரே இரவில் செய்யப் பார்த்தார். விவசாயிகள் தெருவுக்கு வந்தார்கள். நவம்பரில் தடை தளர்ந்தது, ஆனால் ஒரு போகம் போனது போனதுதான். 2022 ஏப்ரல் 12 அன்று வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று நாடு கைவிரித்தது. ஏப்ரல் 18 அன்று புதிய அமைச்சரவை முன்னால் அவர், உரத் தடை தவறு, சர்வதேச நாணய நிதியத்திடம் முன்பே போயிருக்க வேண்டும் என்று ஒப்புக்கொண்டார்.

நாற்காலியில் இருந்தபடியே சொன்னார், ‘நான்’ என்றும் சொன்னார். அப்புறம் ஏன் எடுபடவில்லை? அந்த நேரத்தில் கொழும்பு காலிமுகத்திடலில் கூட்டம் ‘வீட்டுக்குப் போ’ என்று கத்திக்கொண்டிருந்தது. எரிவாயு வரிசையில் நின்றவனுக்கு, வெள்ளம் தலைக்கு மேல் போன பிறகு ‘தண்ணீர் கொஞ்சம் அதிகம்தான்’ என்று சொன்னது போல இருந்திருக்கும். மறுக்கவே முடியாத நிலையில் சொல்வதை ஒப்புதல் என்று எண்ண மக்கள் தயாராக இல்லை. ஜூலை 13 அன்று நாட்டை விட்டுப் போனார், மறுநாள் பதவி விலகினார்.

இப்படிக் கறாராக இருந்தால் இனி யார்தான் ஒப்புக்கொள்வார்கள்?

இந்தக் கேள்விக்கு விமானத் துறையில் ஒரு நல்ல பதில் இருக்கிறது. 1974 டிசம்பர் 1 அன்று அமெரிக்காவின் வர்ஜீனியாவில் ஒரு பயணி விமானம், எவ்வளவு தாழப் பறக்கலாம் என்ற குழப்பத்தில், மலையில் மோதி 92 பேரும் இறந்தார்கள். அதற்கு ஆறு வாரம் முன்பு வேறொரு நிறுவனத்தின் விமானிகள் அதே குழப்பத்தால் அதே மலையில் மயிரிழையில் தப்பியிருந்தார்கள். அந்த நிறுவனம் தன் விமானிகளை மட்டும் எச்சரித்தது, மற்றவர்களுக்குத் தெரியவில்லை.

அதன் பிறகு 1976-ல் நாசாவின் பொறுப்பில் ஒரு ஏற்பாடு வந்தது. தவறு செய்த விமானி பத்து நாளுக்குள் தானாக எழுதிக் கொடுத்துவிட்டால் அபராதமோ உரிமம் நிறுத்தமோ கிடையாது. ஆனால் வேண்டுமென்றே செய்ததற்கும் குற்றச் செயலுக்கும் இந்தச் சலுகை இல்லை. ஒப்புக்கொள்வதற்கு இடம் கொடுக்கிறது, அதே சமயம் கெடு வைக்கிறது, பொய்யையும் பிழையையும் பிரிக்கிறது. அமைச்சர்களுக்கும் இப்படிப் பத்து நாள் கெடு வைத்தால் எப்படி இருக்கும் என்று அவ்வப்போது கற்பனை செய்வேன்.

பதவி விலகினால் போதுமா?

1956 நவம்பர் 23 அதிகாலை, அரியலூர் அருகே மருதையாற்றுப் பாலம் வெள்ளத்தில் சேதமாகி தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் ஆற்றில் விழுந்தது. 140-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி விலகினார். சில மாதங்களுக்கு முன் மகபூப்நகர் விபத்தின்போதே விலகல் கடிதம் கொடுத்தவர் அவர். அப்போது நேரு வாங்கவில்லை, இந்த முறை ஏற்றுக்கொண்டார். சாஸ்திரி மீது நேரடித் தவறு எதுவும் இல்லை என்பதையும் நேரு சொன்னார்.

நம் ஊரில் அந்த விபத்தை வேறு விதமாகவும் நினைவு வைத்திருக்கிறார்கள். துணை அமைச்சராக இருந்த ஓ.வி. அழகேசனைக் குறிவைத்து, ஆண்டது போதாதா, மாண்டது போதாதா என்று எதுகையோடு திமுக எழுப்பிய முழக்கம் இன்றும் மேடைகளில் நினைவுகூரப்படுகிறது.

சாஸ்திரி அடுத்த ஆண்டே அமைச்சரவைக்குத் திரும்பினார், 1964-ல் பிரதமரானார். விலகல் அவருக்குப் பெரிய மரியாதையைக் கொடுத்தது, அதற்குத் தகுதியானவர்தான். ஆனால் அமைச்சர் போனதால் ஒரு பாலமும் உறுதியாகிவிடாது. விலகுவது சில நேரம் கேள்விகளிலிருந்து விலகுவதாகவும் ஆகிவிடும்.

தான் செய்யாத தவறுக்கு மன்னிப்புக் கேட்பவர்கள்?

1983 ஜூலைக் கலவரத்துக்காக இலங்கை அதிபராக இருந்த சந்திரிகா குமாரதுங்க 2004-ல் தமிழர்களிடம் மன்னிப்புக் கேட்டார். கலவரம் நடந்தபோது ஆண்டது அவர் கட்சி அல்ல. 1984 சீக்கியர் படுகொலைக்காக மன்மோகன் சிங் 2005-ல் நாடாளுமன்றத்தில் வெட்கித் தலை குனிவதாகச் சொன்னார். அதை அவர் செய்யவில்லை, ஆனால் ஆண்டது அவர் கட்சி. இவை தேவையான சொற்கள். ஆனால் பேசியவரின் சொந்த நேர்மையை அளக்க இவை உதவாது. வேறொருவர் வாங்கிய கடனுக்கு வருத்தம் சொல்வதில் சொந்தப் பை காலியாவதில்லை.

பாண்டியன் நெடுஞ்செழியனைச் சொல்லவே இல்லையே?

தப்பு தெரிந்த அதே நொடியில் உயிரை விட்டவரை நம்பலாமா என்ற கேள்வியே எழாது. மதுரை எரிந்தது என்பதும் கதையில்தான் இருக்கிறது.

அந்தச் சித்தப்பாவுக்குச் சாவி கிடைத்ததா?

கிடைத்தது, மூன்று வருடம் கழித்து. தீபாவளிக்கு முதல் நாள், கடையில் கால் வைக்க இடமில்லாத கூட்டம். தாத்தா இடுப்பிலிருந்து சாவியை எடுத்து, யாரிடமும் எதுவும் சொல்லாமல் சித்தப்பாவிடம் வீசினார். அன்று இரவு கடை சாத்தியதும் இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து கல்லாவை எண்ணினார்கள். தாத்தா இரண்டாவது முறையும் எண்ணினார்.